செல்வராஜ் விட்டுச் சென்ற இடம்

தேர்வுக் குழுவில் புதிதாக அமர்ந்திருக்கும் இளைய நண்பர்களே,

ஓர் அணியை எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். ஆட்ட நுணுக்கங்களை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். எங்கள் காலத்துச் செம்மண் மைதானம் போய், செயற்கைப் புல்தரை வந்துகொண்டிருக்கிறது. அதில் பந்து எப்படி ஓடும் என்பதை நான்தான் உங்களிடம் கற்க வேண்டும். ஆகையால் அவற்றை விட்டுவிடுகிறேன். ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் நெஞ்சின்மேல் வந்து உட்காரும் பாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதை எந்தப் பயிற்சி முகாமிலும் சொல்லித்தருவதில்லை.

நான் ஆட்டக்காரன் அல்லன். மலையாள மாநிலத்துத் தலைநகரில், ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாகப் படித்து எழுதித் தேறி, அரசு வாரியம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். வாரியத்து ஹாக்கி அணிக்குக் கோவில்பட்டியிலிருந்து ஆட்டக்காரர்கள் வந்தபோது அவர்களுக்கு மலையாளம் தெரியவில்லை. வாடகைக்கு அறை பார்க்கவும், ரயிலுக்குச் சீட்டு எடுக்கவும், மருத்துவர் சொல்வதைத் தமிழில் சொல்லவும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நானானேன். அறை பார்த்தவன் நாளடைவில் அணியின் மேலாளர் ஆனான். மேலாளர் பிறகு தேர்வுக் குழு மூவரில் ஒருவர் ஆனார். ஆட்டத்தை நான் கற்றது எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றபடிதான். அங்கிருந்து பார்த்தால் பந்தைவிட முகங்கள் நன்றாகத் தெரியும்.

வெளிநாடுகளில் கழகங்கள் ஆட்டக்காரர்களை விற்கவும் மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன என்று செய்தித்தாளில் படித்திருக்கிறேன். எங்கள் வாரியத்தில் அது இயலாது. ஹாக்கிக்கென்று சில பணியிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. தேர்வானவன் ஆட்டக்காரனாக மட்டுமன்றி ஊழியனாகவும் சேர்ந்தான். இரண்டாண்டு தற்காலிகம், அதன்பின் நிரந்தரம். நிரந்தரமாகிவிட்டால் ஓய்வுபெறும் வயது வரை அந்த நாற்காலி அவனுக்கே. முழங்கால் தேய்ந்துபோகும், நாற்காலி தேயாது. ஆகவே ஒருவனைத் தேர்ந்தெடுக்கும்போது அடுத்த பருவத்துக்கு ஆட்டக்காரனைத் தேடுவதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் ஒரு குடும்பத்துக்குக் கால் நூற்றாண்டுச் சோற்றைக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறோம். இதை மறந்தவர்கள் செய்த தேர்வுகளால்தான் எங்கள் அணி வீழ்ந்தது. இதை மறவாமல் செய்த ஒரு தேர்வால் என்ன நேர்ந்தது என்பதே நான் சொல்லப்போவது.

வீழ்ந்த கதை சுருக்கமானது. அறுபதுகளின் இறுதியில் வாரியம் விரிவடைந்தபோது ஒரே ஆண்டில் ஏழு இடங்கள் கிடைத்தன. அவ்வாண்டு கோவில்பட்டியில் கோப்பை வென்ற அணியிலிருந்து முன்வரிசை முழுவதையும் இன்னும் இருவரையும் அள்ளிக்கொண்டு வந்தோம். நகரமே கைதட்டியது. குழுவில் மூத்தவர், நாகர்கோவில்காரர், பட்டாளத்தில் ஆடி ஓய்வுபெற்று நடுவராக இருந்தவர். அவர் ஒருவர்தாம் முகம் சுளித்தார்.

"எல்லாம் ஒரே வயசு பயலுவ. ஒண்ணா ஓடுவானுவ, சரி. ஒண்ணா நரைக்கும்லா வே?"

நாங்கள் சிரித்தோம். சில ஆண்டுகள் கோப்பைகள் வந்தன. எழுபதுகளின் நடுவில், அவர் சொன்னபடியே, முன்வரிசை முழுவதும் ஒரே பருவத்தில் மெதுவாயிற்று. நேற்றுக் கல்லூரியை விட்ட பையன்கள் எங்கள் ஆட்களைச் சுற்றி ஓடினார்கள். கோப்பைகளுக்கென்று செய்த கண்ணாடி அலமாரியில் அலுவலகத் தேநீர்க் குவளைகளை அடுக்கத் தொடங்கினார்கள். யாரையும் நீக்க வழியில்லை. யாரையும் புதிதாகச் சேர்க்க இடமுமில்லை.

எங்கோ ஒருவர் விலகியும், எங்கோ ஒருவர் வேறு பிரிவுக்கு மாறியும், தட்டுத்தடுமாறி ஐந்து இடங்களை மீட்டோம். ஐந்து இளைஞர்களைத் தற்காலிகமாக எடுத்தோம். அவர்களில் சிறந்தவன் செல்வராஜ். கோவில்பட்டிக்காரன். அவன் ஆடிய இடம் சென்டர் ஹாஃப், அதாவது முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே நின்று ஆட்டத்தையே நடத்துகிற இடம். அவன் பந்தை நிறுத்தினால் ஓசை கேட்காது. வேலை கிடைத்த கையோடு பொன்னுத்தாயைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். கரமனையில் ஓர் ஒற்றையறை வீடு. அடுத்த ஆண்டு ஒரு பெண் குழந்தை.

அந்தச் சமயத்தில் வாரியத்துக்குப் புதிய தலைவர் வந்தார். விளையாட்டின்மேல் அவருக்குப் பகையுமில்லை, பரிவுமில்லை. துறைகளுக்கிடையேயான அடுத்த போட்டியிலும் முதல் சுற்றில் தோற்றால் அணியைக் கலைத்துவிடுவது, நிரந்தரமாகாத ஐவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று தீர்மானித்தார். அதில் அநியாயம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

போட்டிக்குச் சில மாதங்கள் இருந்தன. ஒரு நட்பாட்டத்தில் நெடுநாளைக்குப் பிறகு வென்றோம். மறுநாள் ஞாயிறு. மகிழ்ச்சியில் எல்லோரும் ஒரு வண்டி பேசிக்கொண்டு பொன்முடி மலைக்குப் புறப்பட்டோம். வழியில் கல்லாற்றங்கரையில் தேநீருக்கு நிறுத்தினோம். நான் கடையில் தேநீருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அணித் தலைவர் தங்கப்பன் அதற்குள் ஆற்றில் இறங்கிவிட்டார். நெய்யாற்றின்கரைக்காரர். பின்காவலில் நிற்கும் ஃபுல் பேக், அந்தப் பழைய எழுவருக்கும் முன்பே வந்தவர். பாறைமேல் நின்ற செல்வராஜைப் பார்த்து அவர் கூவியது எனக்குக் கேட்டது.

"ஏடே செல்வராஜே! கோவில்பட்டியில இத்தற வெள்ளம் கண்டிருக்கியாடே? இறங்குடே, சாவ மாட்டே!"

"எங்கூர்ல இத வச்சு நாலு வருசம் குடிப்போம்ணே!" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அவன் இறங்கினான்.

எங்கள்மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மலைமேல் மழை பெய்திருக்கிறது. ஆறு ஒரு நொடியில் நிறம் மாறி உயர்ந்தது. தங்கப்பனைக் கடைக்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். செல்வராஜைப் பாறைகளுக்குக் கீழே மறுநாள்தான் எடுத்தார்கள்.

இரண்டாண்டு முடியவில்லை. இறந்தது பணி நேரத்திலும் அன்று. ஆகையால் அவன் குடும்பத்துக்கு வேலை கோர உரிமை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நானும் எங்கள் குழுத் தலைவரான பொறியாளரும் ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கினோம். எல்லோரும் எழுந்து நின்று வருந்தினார்கள். எல்லோரும் அதே விதியைச் சொன்னார்கள்.

எஞ்சியது ஒன்று. ஹாக்கிக்கு ஒதுக்கப்பட்ட ஓர் இடம் காலியாக இருந்தது. செல்வராஜ் விட்டுச் சென்ற இடம்.

காரியங்களுக்காக வந்திருந்த அவன் தம்பி முருகேசன் ஊரில் ஹாக்கி ஆடுகிறவன் என்று தெரிந்ததும், அவனைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வைத்தவர் தங்கப்பன். பொன்னுத்தாய் கரமனை வீட்டைக் காலி செய்திருந்தாள். ஆரியசாலையில் ஒரு வியாபாரி தம் கடையின் பின்கட்டில் அவளுக்கும் குழந்தைக்கும் ஓர் அறை ஒதுக்கியிருந்தார். முடிவு தெரியும் வரை அங்கே இருப்பதாக ஏற்பாடு.

அதே இடத்துக்குக் கண்ணூரிலிருந்து வில்சன் என்ற இளைஞனும் விண்ணப்பித்திருந்தான். வேறு சிலரும் வந்தார்கள். அவர்கள் பொருட்படுத்தத் தக்கவர்கள் அல்லர்.

எங்கள் தேர்வு முறையை இங்கே விளக்க வேண்டும். புதியவர்களை அணியின் மூத்த ஆட்டக்காரர்களோடு கலந்து, இரண்டு பக்கமாகப் பிரித்து, ஓர் ஆட்டம் ஆடவிடுவோம். மூத்தவர்கள்தாம் உரைகல். அவர்களைத் தாண்டிப் போகிறவன் தகுதியுள்ளவன். அவர்களிடம் பந்தைப் பறிகொடுக்கிறவன் தகுதியற்றவன். தேர்வு ஆட்டத்தில் மூத்தவன் முழு மூச்சோடு ஆட வேண்டும் என்பது எழுதாத சட்டம். சொந்த மைத்துனன் வந்தாலும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஒருவன் வெளியே நின்று எதைக் கண்டு தேர்ந்தெடுக்க முடியும்?

ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே முருகேசன் தங்கப்பனைத் தாண்டிப் போனான். தங்கப்பனின் இடப்பக்கம் யாருக்கும் திறந்ததை நான் அதுவரை கண்டதில்லை. அன்று வாசற்கதவு போலத் திறந்தது. அடுத்து இன்னொருவரைத் தாண்டினான். பிறகு இன்னொருவரை. அவனுக்கு வந்த பந்துகள் எல்லாம் மட்டையைத் தேடி வந்து நின்றன. வில்சனுக்கு வந்தவை முழங்கால் உயரத்தில் துள்ளி வந்தன, அல்லது வரவேயில்லை. ஒருமுறை இருவர் சேர்ந்து மோதி அவனைக் கீழே தள்ளினார்கள். எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு மறுபடி இடத்துக்குப் போனான்.

ஆள் தேறிவிட்டான் என்ற மகிழ்ச்சியில் பொறியாளர் என் தோளைத் தட்டினார்.

"எடோ, ஆள் கொள்ளாமல்லோ! அண்ணனைக் காட்டிலும் மிடுக்கன். ஒரு பாடு புண்ணியமும் கிட்டும். நமக்குப் பின்னே என்ன யோசனை?"

அவர் நல்லவர். ஆட்டம் அறியாதவரும் அல்லர். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும் ஒரு தீர்வு கண்முன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை உற்றுப் பார்க்க மனிதனுக்கு மனம் வருவதில்லை. பட்டாளக்காரர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் முருகேசன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அருகில் போய் நின்றேன். நான் கேட்பதற்கு முன்பே அவன் சொன்னான்.

"எனக்குத் தெரியுது சார். வுட்டுக் குடுக்காக."

"நீ ஊரில் எந்த இடத்தில் ஆடுவாய்?"

"ஆடுதது எங்க சார்! ஆள் கொறஞ்சா கூப்புடுவாக. கோல்ல நிப்பேன்."

"இந்த ஆட்டத்தில் உனக்கு விருப்பம் உண்டா?"

தண்ணீர் சொட்டும் முகத்தோடு என்னைப் பார்த்தான். "சோத்துல விருப்பம் சார். மதினியும் புள்ளையும் சாப்புடணும்லா? எங்கண்ணனுக்கு இருந்தது எனக்கு இல்ல. அது எங்க மதினிக்கும் தெரியும்."

அவனிடம் கோபப்பட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நேரே தங்கப்பனிடம் போனேன். அவர் மட்டையின் நுனியால் செம்மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கப்பன், இடது பக்கம் கண் தெரியவில்லையா?"

"கண் நல்லாத் தெரியும், அண்ணாச்சி. ஒரே ஒரு போஸ்ட்டு. அவன் செத்த போஸ்ட்டு. அத அவன் வீட்டுக்குக் குடுத்தா வாரியம் முங்கிப் போவுமா?"

முங்கி என்ற சொல்லைச் சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். நான் பொறுத்துச் சொன்னேன். போட்டியில் முதல் சுற்றில் தோற்றால் அணி கலையும். மீதி நால்வரும் வேலையிழப்பார்கள். அவர்களுக்கும் வீடு உண்டு.

"அந்த நாலு பேருகிட்டயும் கேட்டுட்டுத்தான் இத செய்யுதேன். முதல்ல செரின்னு சொன்னதே அவனுவதான், அண்ணாச்சி. ‘எங்க ஜோலி போனாப் போட்டும்’ன்னு சொன்னானுவ. பின்ன உங்களுக்கு என்ன?"

நண்பர்களே, என் பணிக்காலத்தில் அதைவிடக் கடினமான சொல் எதையும் நான் கேட்டதில்லை. நான் யாருக்காக வாதாடினேனோ அவர்களே என் வாதத்தை வேண்டாம் என்றார்கள். சற்றுத் தள்ளி அந்த நால்வரும் நின்றார்கள். ஒருவனுக்கு மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. ஓர் இறப்பு நடந்த வீட்டில் எதையும் கொடுத்துவிடத் தோன்றும். நான்கு மாதம் கழித்து ஊருக்குத் திரும்பும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கொடையின் எடை தெரியும். அவர்கள் கொடுக்கத் துணிந்ததை வாங்கிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று எனக்குப் பட்டது.

"நான்தானே அண்ணாச்சி அவன இறங்கச் சொன்னேன்," என்றார் தங்கப்பன், வெகு மெதுவாக.

"ஆமாம்," என்றேன். "அதற்கு இந்த மைதானத்தில் பரிகாரம் இல்லை, தங்கப்பன்."

பொறியாளரிடம் சென்று, இரண்டாம் பாதியை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். மூத்தவர்கள் அனைவரையும் கோட்டுக்கு வெளியே வரச்சொன்னேன். முருகேசனையும் வில்சனையும் மட்டும் நடுவில் நிறுத்தினேன். அக்காலத்தில் ஆட்டம் ‘புல்லி’ என்ற முறையில் தொடங்கும். பந்தை நடுவில் வைப்பார்கள். எதிரெதிரே நிற்கும் இருவரும் தரையையும் எதிராளியின் மட்டையையும் மாறிமாறி மும்முறை தட்டுவார்கள். மூன்றாவது தட்டு முடிந்ததும் எவன் மட்டை முந்துகிறதோ பந்து அவனுடையது. அதில் விட்டுக்கொடுக்க மூன்றாமவர் எவரும் இல்லை.

மட்டைகள் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. பந்து வில்சனிடம் போயிற்று. மறுபடி வைத்தோம். மறுபடியும் வில்சனிடம். அவன் மட்டை எப்போது புரண்டது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. செல்வராஜுக்குப் பிறகு அப்படி ஓசையில்லாமல் பந்தை எடுத்தவனை நான் அன்றுதான் பார்த்தேன். சில தடவைகளுக்குப் பின் முருகேசனே மட்டையைக் கீழே வைத்துவிட்டு, "போதும் சார்," என்றான்.

ஓரத்திலிருந்து யாரோ ஒருவர் வில்சனைப் பார்த்துக் கத்தினார்: "நினக்கு நாணமில்லேடா? செத்த வீட்டில் வந்நு கையிட்டு வாருந்நோ?"

வில்சன் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னான், தனக்குத் தெரிந்த தமிழில்: "அவங்க வீட்டுல ஆள் மரிச்சுப் போச்சு. எங்க வீட்டுல யாரும் மரிக்கல. அதுக்காக எனக்கு ஜோலி வேண்டாமா, சாரே?"

குழு கூடியபோது பொறியாளர் முருகேசனின் பக்கம் நின்றார். நான் வில்சன் என்றேன். பட்டாளக்காரர் தாடையைத் தடவியபடி சொன்னார்: "அண்ணைக்கு நான் வேண்டாம்னு சொன்னப்ப நீங்க ரெண்டு பேரும் சிரிச்சீரு. இண்ணைக்குச் சிரிக்க ஆளில்ல. வில்சன எடுங்க வே." பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

பொறியாளர் கோபத்தோடு பேனாவை மூடினார். "ஆ பெண்ணினோடு போய்ப் பறயேண்டது நீங்கள். நான் வராது, கேட்டோ."

போனேன். வியாபாரியின் கடைக்குப் பின்புறம் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே ஒரு நடை. அதன் முடிவில் அறை. முருகேசன் எனக்கு முன்பே வந்து மூலையில் உட்கார்ந்திருந்தான். பொன்னுத்தாய் மடியில் தூங்கும் குழந்தையின் மூக்கில் மிளகாய் நெடி ஏறாமல் சேலைத் தலைப்பை விசிறிக்கொண்டிருந்தாள். நான் சொல்ல வேண்டியதை நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்து சொல்லக்கூடிய செய்தி அன்று அது.

அவள் அழவில்லை. "அந்தப் பையன் நல்லா ஆடுவானா சார்?" என்று கேட்டாள்.

"ஆடுவான், அம்மா."

"அவுக அளவுக்கா?"

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் சில நாளில் அவனைவிட நன்றாக ஆடுவான்," என்றேன்.

"அப்போ சரி," என்றாள். குழந்தையை மடியில் சரிசெய்தபடி, "ரொம்ப நல்லா ஆடுவாகன்னு எங்கய்யாகிட்டச் சொல்லித்தான் எனக்குப் பேசி முடிச்சாக. வேற ஒண்ணும் சொல்லல," என்றாள். முருகேசன் எழுந்து வெளியே போனான். மறுநாள் காலை அவர்கள் ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். வழியனுப்பத் தங்கப்பன் போயிருந்தார். நான் போகவில்லை, என்னைப் பார்க்க வேண்டிய கட்டாயத்தை அவளுக்கு இன்னொரு முறை கொடுக்க நான் விரும்பவில்லை.

அதன்பின் தங்கப்பன் என்னை அண்ணாச்சி என்று அழைக்கவில்லை. ‘சார்’ என்றே அழைத்தார்.

போட்டி வந்தது. வில்சனுக்கு யாரும் பந்து கொடுக்க மாட்டார்கள் என்று அலுவலகத்தில் பந்தயமே கட்டினார்கள். முதல் ஆட்டத்தில் எதிரணி அடித்த பந்தைத் தங்கப்பன் நிறுத்தினார். நிமிர்ந்தார். வில்சன் தனியாக நின்றுகொண்டிருந்தான். தங்கப்பனின் முகத்தில் இருந்த வெறுப்பை எல்லைக்கோட்டிலிருந்து நான் தெளிவாகக் கண்டேன். பந்தை அடித்தார். அது துள்ளாமல், சீறாமல், வில்சனின் மட்டைக்கு நேராகப் போய் நின்றது. இத்தொழிலில் ஒரு மனிதனிடம் அதற்குமேல் எதுவும் கேட்க முடியாது. அரையிறுதி வரை சென்று தோற்றோம். அணி பிழைத்தது. நால்வரும் உரிய காலத்தில் நிரந்தரமானார்கள். அவர்களில் ஒருவர் இன்று உங்கள் குழுவிலேயே அமர்ந்திருக்கிறார். இதைப் படிக்கும்போது அவர் தம்மை அடையாளம் காண்பார்.

இங்கே நிறுத்தினால் என் தீர்ப்பு வென்றது என்று ஆகும். நான் இங்கே நிறுத்த முடியாது.

வில்சன் இரண்டாண்டு முடியும்வரை எங்களிடம் இருக்கவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வடக்கே ஒரு பெரிய அணி அழைத்தது. அங்கே சம்பளம் கூடுதல், தங்க வீடும் உண்டு. என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தான். "சாரு கோபப்படக் கூடாது," என்றான். கோபப்பட நியாயமில்லை. தகுதி பார்த்து எடுத்தவனை இன்னொருவனும் தகுதி பார்த்து எடுப்பான். செல்வராஜ் விட்டுச் சென்ற இடம் மீண்டும் காலியாயிற்று.

மறுநாள் தங்கப்பன் என் மேசைக்கு முன் வந்து நின்றார். அப்போது அவர் ஆடுவதை நிறுத்தியிருந்தார்.

"போஸ்ட்டு காலி, சார். இப்ப அணிக்கு ஆபத்தில்ல. இப்ப என்ன சொல்லப் போறீரு?"

"இப்போது ஒரு தடையும் இல்லை," என்றேன். "வாருங்கள், இருவரும் போவோம்."

அது உண்மை. அணி கரையேறிவிட்டது, நால்வரின் வேலை உறுதியாகிவிட்டது. மாற்றுக் கோல்கீப்பராக முருகேசனை எடுத்துக்கொள்ள எனக்கு மனச்சாட்சி இடம் கொடுத்தது. பொறியாளரும் உடனே ஒப்பினார். கோவில்பட்டிக்குச் சென்றோம். வழி முழுவதும் தங்கப்பன் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தார். அவர் என்னோடு அவ்வளவு பேசி வெகுநாள் ஆகியிருந்தது.

பொன்னுத்தாய் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளை வாசலுக்கு அழைத்தார்கள். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. எங்களைக் கண்டு அதிராமல், "வாங்க," என்றாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டிருப்பதாகச் சொன்னாள். நான் விவரம் சொன்னேன், நிதானமாகக் கேட்டாள்.

"முருகேசன் இல்ல சார். லாரியில கிளீனராப் போனான். மகாராஷ்டிராப் பக்கமுன்னு ஒருக்காச் சொல்லி அனுப்பினான். பொறவு தாக்கல் இல்ல. தேடிப் பாத்தாச்சு."

தங்கப்பன் ஓரடி முன்னால் வந்தார். "நீங்க... உங்க சொந்தத்துல வேற யாராச்சும் ஆடுவாங்களா, தங்கச்சி?"

"யாரு இருக்கா?" என்றாள். உள்ளே கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் திரும்பினாள். பிறகு நின்று, மைதானம் இருக்கும் திசையைக் கையால் காட்டினாள்.

"சாயந்தரம் பயலுவ ஆடுவானுவ. வந்தது வந்தீக, பாத்துக் கூட்டிட்டுப் போங்க. கல்யாணம் ஆகாதவனாப் பாருங்க, சார்."

அவள் உள்ளே போய்விட்டாள்.

மாலை வரை நாங்கள் இருவரும் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் சென்றது அதற்காக அன்று. ஆயினும் இடம் காலியாக இருந்தது, நான் தேர்வாளன். முப்பது பேர் புழுதியில் ஆடினார்கள். சற்று நேரத்திலேயே என் கண் ஒருவனிடம் போய் நின்றுவிட்டது. தங்கப்பனின் கண்ணும் அவனிடமே நிற்பதைக் கண்டேன். ஆட்டம் முடிந்ததும் அவனை அழைத்தோம். எந்தத் தேர்விலும் அதுவரை நான் கேட்டிராத கேள்வியை முதலில் கேட்டேன்.

"தம்பி, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?"

அவன் வெட்கத்தோடு சிரித்தான். உடனிருந்தவர்கள் அவனை முழங்கையால் இடித்தார்கள். "மாப்ள, சொல்லுலே!"

"இல்ல சார்," என்றான். "பேசி வச்சிருக்கு. ஒரு வேலை கெடச்சா தையில."

தங்கப்பன் எழுந்து பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். அன்று அந்த மைதானத்தில் அவனைவிடச் சிறந்த ஆட்டக்காரன் இல்லை. அவன் பெயரையும் தகப்பனார் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.